ரத்த குளுக்கோஸ் அளவீடு: மலைத்தோட்டப் பகுதி ஆய்வுக்கூடத்துக்கான நடைமுறை

குழாயில் எடுத்து வைத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. உடலை விட்டு வெளியே வந்த பிறகும் அவை குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்த ரத்தத்தில் குளுக்கோஸ் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறைகிறது. வெள்ளையணுக்கள் மிகுந்த ரத்தத்திலும், சிவப்பணுக்கள் செறிந்த பச்சிளங்குழந்தையின் ரத்தத்திலும் இன்னும் வேகமாகக் குறையும். குளுக்கோஸ் சோதனையில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கருவி சரியாகவே அளக்கிறது. ஆனால் அது அளப்பது நோயாளியின் உடலில் இருந்த சர்க்கரையை அன்று, குழாயில் மிஞ்சிய சர்க்கரையை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் ஒருவருடைய உண்மையான அளவு 7.2 மில்லிமோல்/லிட்டர். மலேசிய மருத்துவ வழிகாட்டுதலின்படி 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு, 6.1 முதல் 6.9 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. இவருடைய ரத்தம் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் மூன்று மணி நேரம் மேசையில் கிடந்து, மணிக்கு 6 விழுக்காடு வீதம் இழந்தால், கருவி காட்டும் எண் 6.0. நீரிழிவு உள்ளவர் 'ஒன்றும் இல்லை' என்ற அறிக்கையோடு வீட்டுக்குப் போவார். ரியேஜென்ட் தரமானது, கன்ட்ரோல் சரியாக விழுந்தது, கணக்கில் பிழையில்லை. எல்லாம் சரியாக இருந்தும் விடை தவறு.

ரிங்லெட் போன்ற ஊரில் இந்தக் கணக்குக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் வரும் பட்டணம் இது. கடல் மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் உட்பட, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வேலை செய்பவர்களுக்கு அருகிலுள்ள கடைத்தெரு ரிங்லெட்தான். இங்கே எடுக்கும் ரத்தத்தை மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால், மேலே தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கீழே பேராக் மாநிலத்துத் தாப்பாவுக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இரண்டும் வளைவு நெளிவான மலைச்சாலை. பள்ளி விடுமுறையில் சுற்றுலா வாகனங்கள் அடைத்து நிற்கும். மழைக்காலத்தில் மண் சரியும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் 2014 நவம்பரில் ரிங்லெட்டிலும் சேற்று வெள்ளம் புகுந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. சிறிது நேரப் பயணம் என்று நம்பி அனுப்பிய ரத்தம் இரண்டு மணி நேரம் வண்டியிலேயே இருந்துவிடலாம்.

சோதனைக்கு வருபவர்களும் குறைவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. தோட்டத்துத் தமிழர்கள் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் இந்த நோய், அந்த ஆய்வின்படி இந்தியர்களில் ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருக்கு இருந்தது. அந்த மூன்றாமவரைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஒரு சிறு குழாய் ரத்தத்தை நம்பியிருக்கிறது.

நோயாளியைத் தயார்செய்தல்

வெறும் வயிற்றுச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் உட்கொண்டிருக்கக் கூடாது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் தோட்டத்தில் வரும் பதில் "இல்லை" என்பதுதான், ஆனால் விடியற்காலையில் டின்பால் ஊற்றிய தேநீர் ஒரு கோப்பை உள்ளே போயிருக்கும். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும்: "காலையில எழுந்ததிலேர்ந்து தண்ணியத் தவிர என்ன குடிச்சீங்கக்கா, எத்தனை மணிக்கு?" இப்படிக் கேட்டால் தேநீரும் மைலோவும் தானாக வெளியே வரும். குடித்திருந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 'சாப்பிட்ட பின்' என்றோ 'நேரம் குறிக்காத மாதிரி' என்றோ எழுதி, மருத்துவரிடம் சொல்லி முடிவெடுக்கலாம். வெறும் வயிறு என்று பொய்யாகப் பதிவதுதான் கெடுதல்.

காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய்விட்டு, இரண்டு மணி நேரம் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த பிறகு கிளினிக்குக்கு வருபவரின் அளவு ஓய்வு நிலையின் அளவு அன்று. தசைகள் வேலை செய்யும்போது குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சோதனை நாளில் வேலைக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிட்டுப் போகும்படி தோட்ட நிர்வாகத்தோடும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரோடும் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. அதற்கு வழியில்லாதபோது, வந்தவரைக் குறைந்தது பத்து நிமிடமாவது உட்காரவைத்துவிட்டு எடுக்க வேண்டும். வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு உண்ணாமல் வரும் விதியை அவரவர் மொழியில் எழுதிக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

இன்சுலின் போடுபவர்களும் மாத்திரை எடுப்பவர்களும் ரத்தம் கொடுத்த பிறகே மருந்தையும் உணவையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசையில் அவர்களை முதலில் கூப்பிட வேண்டும். நீண்ட நேரம் பட்டினியாகக் காத்திருப்பவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்து மயக்கம் வரலாம். அந்த அறையில் இனிப்புப் பானம் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ரத்தம் எடுத்தல்

ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம். பெயரோடு அடையாள அட்டை எண்ணையும், வெளிநாட்டுத் தொழிலாளியானால் கடப்பிதழ் எண்ணையும் நோயாளி வாயாலேயே சொல்லச் செய்து ஒப்பிட வேண்டும். குழாயில் ஒட்டும் சீட்டை ரத்தம் எடுத்த உடனே, நோயாளி எழுந்து போவதற்கு முன் ஒட்ட வேண்டும். அதில் எடுத்த நேரம் நிமிடக் கணக்கில் இருக்க வேண்டும். குளுக்கோஸைப் பொறுத்தவரை நேரம் எழுதாத குழாய் பாதிப் பயன்கூடத் தராது.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையிலிருந்து ரத்தம் எடுக்கவே கூடாது. 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் நீரில் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ் என்று வைத்தால் ஏறத்தாழ 278 மில்லிமோல். எடுத்த மாதிரியில் அது நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே விடை 5 மில்லிமோலுக்கு மேல் ஏறிவிடும். சாதாரண மனிதர் நீரிழிவு நோயாளி ஆகிவிடுவார். மறு கையில் எடுப்பதே சரி.

ஒரே ஊசியில் பல குழாய்கள் நிரப்பினால் சாம்பல் மூடிக் குழாய் கடைசியில் வர வேண்டும். அதிலுள்ள ஃபுளோரைடும் ஆக்சலேட்டும் அடுத்த குழாயில் ஒட்டிக்கொண்டால் பொட்டாசியம், கால்சியம், நொதிச் சோதனைகள் கெடும். குழாயைக் கோடு வரை நிரப்பி, எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து எடுக்க வேண்டும், குலுக்கக் கூடாது. அரைகுறையாக நிரப்பிய குழாயில் உப்பின் செறிவு கூடுகிறது. அது சிவப்பணுக்களிலிருந்து நீரை வெளியே இழுத்துப் பிளாஸ்மாவை நீர்க்கச் செய்யும், அணுக்களையும் உடைக்கும்.

குழாய், குளிர், கடிகாரம்

சாம்பல் மூடிக் குழாயில் போட்டுவிட்டால் குளுக்கோஸ் அப்படியே நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை. அணுவுக்குள் குளுக்கோஸ் உடைவது பல படிகளைக் கொண்ட தொடர்வினை. ஃபுளோரைடு தடுப்பது ஈனோலேஸ் என்ற நொதியை. அது தொடரின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. வாசலில் நிற்கும் ஹெக்சோகைனேஸ் நொதி, பின்னால் தேங்கும் வரை குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஃபுளோரைடு உள்ள குழாயிலும் இல்லாத குழாயிலும் இழப்பு ஏறக்குறைய ஒன்றே. அதன் பிறகுதான் அளவு நிலைக்கிறது. அப்படி நிலைத்த அளவு அறை வெப்பத்திலும் மூன்று நாள் வரை பெரிதாக மாறுவதில்லை. முன்பு பார்த்த 7.2 அளவுக்காரரின் ரத்தத்தை ஃபுளோரைடுக் குழாயில் எடுத்தாலும், முதல் மணி நேரத்திலேயே அது 6.8க்கு இறங்கி 7.0 என்ற கோட்டைத் தாண்டிக் கீழே போய்விடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, எடுத்த உடனே குழாயை ஐஸும் நீரும் கலந்த கலவையில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவது. அணுக்களை விட்டுப் பிரிந்த பிறகு குளுக்கோஸைத் தின்ன ஆளில்லை. உலக அளவில் வழிகாட்டு நூல்கள் சிறந்ததாகச் சொல்வது இதைத்தான். இரண்டாவது, சிட்ரேட்டும் ஃபுளோரைடும் சேர்ந்த குழாய். சிட்ரேட் ரத்தத்தை அமிலமாக்கி, ஹெக்சோகைனேஸையும் சற்றுப் பின்னால் உள்ள பாஸ்போஃபுரக்டோகைனேஸையும் உடனடியாக நிறுத்துகிறது; ஃபுளோரைடு பின்னால் வந்து நீண்ட நேரத்துக்குக் காக்கிறது. இக்குழாயில் சிட்ரேட் திரவமாக இருந்தால் ரத்தம் நீர்க்கும். உற்பத்தியாளர் தரும் பெருக்கெண்ணால் விடையைப் பெருக்க வேண்டும். துகள் வடிவில் இருந்தால் பெருக்கத் தேவையில்லை. மூன்றாவது, ஜெல் உள்ள சீரக் குழாய். உறைய விட்டு அரை மணி நேரத்துக்குள் சுற்றினால் ஜெல் நடுவில் ஏறி அணுக்களை மறித்துவிடும். இப்படிப் பிரித்த சீரம் தூய்மையாக, சிவப்பணு உடையாமல் இருந்தால், 25 பாகையில் 8 மணி நேரமும் 4 பாகையில் 72 மணி நேரமும் தாங்கும். ஆனால் உறைவதற்கு எடுக்கும் நேரமெல்லாம் அணுக்கள் வேலை செய்கின்றன என்பதால் மூன்றில் இது கடைசித் தேர்வு.

ரிங்லெட்டில் எடுக்கும் மாதிரி வெளியூர் போவதானால், சுற்றிப் பிரிக்கும் வேலை ரிங்லெட்டிலேயே முடிந்துவிட வேண்டும். ஒரு சிறு சென்ட்ரிஃபியூஜ் பெரிய செலவில்லை; அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காக மலைச்சாலையை நம்புவது தவறான சிக்கனம். சுழலியின் ஆரம் 15 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஏறத்தாழ 1,500 ஜி விசை தரும். பத்து நிமிடம் போதும். எதிரெதிர்க் குழிகளில் ஒரே எடையுள்ள குழாய்களை வைக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் இல்லாத தோட்ட கிளினிக்கில் சிட்ரேட் குழாயைத் தவிர நம்பத்தக்க வழி வேறில்லை.

மலையின் குளிர்ச்சி ரத்தத்தைக் காக்கும் என்று எண்ணுவதும் உண்டு. பகலில் இருபது பாகையைச் சுற்றி நிற்கும் ரிங்லெட்டின் காற்று, முன்பு சொன்ன மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு இழப்பு நடக்கும் அறை வெப்பத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. நிறுத்த வேண்டுமானால் ஐஸ் நீர் வேண்டும். வெறும் ஐஸ் கட்டிகள் குழாயை ஆங்காங்கே மட்டும் தொடும். நீர் கலந்தால்தான் சுற்றிலும் தழுவும். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஜெல் பொட்டலத்தைக் குழாயோடு ஒட்டி வைத்தால் ரத்தம் உறைந்து அணுக்கள் வெடித்துவிடும். நடுவில் துணியோ தடித்த காகிதமோ இருக்க வேண்டும். மாதிரியைக் கொண்டுசெல்பவர் மோட்டார்சைக்கிளில் எடுத்துப் போகும் பெட்டிக்குள் குழாய்கள் நிமிர்ந்த நிலையில் நிற்கும்படி தாங்கி இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும் படிவத்தில் மூன்று நேரங்கள் இருக்க வேண்டும்: எடுத்தது, பிரித்தது, பெற்றது. பிரித்த நேரம் இல்லாமல், எடுத்து இரண்டு மணி நேரம் கடந்து வந்த சாதாரணக் குழாயை ஏற்காமல் திருப்புவதே நோயாளிக்குச் செய்யும் நன்மை. மறுபடி ஊசி குத்தும் வலி சிறிது. தவறான 'சரி' என்ற அறிக்கையோடு அவர் இழக்கப்போகும் ஆண்டுகள் பெரிது.

கருவியில் நடப்பது

பழைய முறைகள் குளுக்கோஸின் ஒடுக்கும் திறனை நம்பியவை. 1919–20இல் வந்த ஃபோலின்–வூ முறை செம்பு உப்பைக் கொண்டு அளந்தது. ரத்தத்தில் உள்ள யூரிக் அமிலம், குளூட்டாதயோன் போன்ற வேறு ஒடுக்கும் பொருள்களும் அதில் சேர்ந்துகொள்ளும் என்பதால் விடை கூடுதலாகவே வரும். பின்னால் வந்த ஆர்த்தோ-டொலுயிடின் முறை புற்றுநோய் அபாயத்தால் கைவிடப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளவை நொதி முறைகள். அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஹெக்சோகைனேஸ் முறையில், குளுக்கோஸ் ஏடிபியோடு வினைபுரிந்து குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஆகிறது. அடுத்து ஜி6பிடி நொதி அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது என்ஏடிபி ஒடுக்கப்பட்டு என்ஏடிபிஎச் ஆகிறது. இது 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். உறிஞ்சும் அளவு குளுக்கோஸுக்கு நேர் விகிதம். இரண்டாம் படி குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதால், பிற சர்க்கரைகள் குறுக்கே வருவதில்லை. மற்ற முறைகளை ஒப்பிடும் அளவுகோலாக இது நிற்பதற்குக் காரணம் இதுவே. நோயாளிக்கு ஜி6பிடி குறைபாடு இருந்தால் விடை கெடுமோ என்று சிலர் கேட்பதுண்டு. கெடாது, வினைபுரிவது ரியேஜென்டில் உள்ள நொதி, நோயாளியின் அணுவில் உள்ளது அன்று.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ்–பெராக்சிடேஸ் முறை மலிவு. சிறிய ஆய்வுக்கூடங்களில் அதிகம் இருப்பது இதுதான். ஆக்சிடேஸ் குளுக்கோஸை குளுக்கோனிக் அமிலமாக்கி ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடும். பெராக்சிடேஸ் அந்தப் பெராக்சைடைக் கொண்டு ஃபீனாலையும் 4-அமினோஆன்டிபைரினையும் இணைத்துச் சிவப்பு நிறம் உண்டாக்கும். அதை 505 நானோமீட்டரில் அளக்கலாம். முதல் படி துல்லியமானது. தொல்லை இரண்டாம் படியில். பெராக்சைடை வைட்டமின் சி, பிலிருபின், யூரிக் அமிலம் ஆகியவை பறித்துக்கொண்டால் நிறம் குறையும், விடை தாழும். மஞ்சள்காமாலை உள்ளவரின் மாதிரியிலும், வைட்டமின் சி அதிக அளவில் எடுப்பவரின் மாதிரியிலும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கொழுப்பால் பால்போல் கலங்கிய பிளாஸ்மாவுக்கு, ரியேஜென்டுக்குப் பதில் உப்புநீர் சேர்த்த தனி வெற்று மாதிரி வைத்து அதன் அளவைக் கழிக்க வேண்டும்.

கையால் செய்யும்போது பெரும்பாலான கிட்களில் 1,000 மைக்ரோலிட்டர் ரியேஜென்டுக்கு 10 மைக்ரோலிட்டர் மாதிரி. 37 பாகையில் பத்து நிமிடம். கிட்டின் சீட்டு வேறு சொன்னால் சீட்டுப்படியே செய்ய வேண்டும். 10 மைக்ரோலிட்டர் என்பது மிகச் சிறிய துளி. பிப்பெட் முனையின் வெளிப்புறத்தில் ஒட்டிய ஒரு பூச்சு அளவுகூட விடையைச் சில விழுக்காடு உயர்த்திவிடும். முனையை மென்தாளால் பக்கவாட்டில் துடைத்துவிட்டு, ரியேஜென்டுக்குள் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும்.

விடைக்கான கணக்கு எளிது. தரக்கரைசல் 5.55 மில்லிமோல், அதன் உறிஞ்சல் 0.310. மாதிரியின் உறிஞ்சல் 0.402. 0.402ஐ 0.310ஆல் வகுத்து 5.55ஆல் பெருக்கினால் 7.2. இரண்டு உறிஞ்சலும் ரியேஜென்ட் வெற்று அளவைக் கழித்த பிறகு வந்தவையாக இருக்க வேண்டும்.

மலைக்காலையின் தொல்லை ஒன்று இங்கே தெரியும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரியேஜென்டை உடனே கியூவெட்டில் ஊற்றினால், பனிமூட்டம் நிறைந்த அறைக்காற்றின் ஈரம் கியூவெட்டின் வெளிச்சுவரில் மெல்லிய நீர்ப்படலமாகப் படியும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஒளிக்கற்றைக்குத் தெரியும். ஒளி சிதறி உறிஞ்சல் கூடுதலாகப் பதியும். மாதிரியின் கியூவெட்டில் படிந்தால் அந்த ஒரு விடை ஏறும். தரக்கரைசலின் கியூவெட்டில் படிந்தாலோ அன்றைய எல்லா விடைகளும் இறங்கும். ரியேஜென்ட் அறை வெப்பத்துக்கு வரத் தாழ்நிலத்தில் ஆவதைவிட இங்கே கூடுதல் நேரம் விட வேண்டும். ஒளிபுகும் இரு பக்கங்களையும் மென்தாளால் துடைத்துவிட்டே அளக்க வேண்டும். இன்குபேட்டர் காட்டும் 37ஐ அப்படியே நம்பாமல், ஒரு குழாய் நீரில் வெப்பமானியை நிறுத்தி வாரம் ஒருமுறை சரிபார்ப்பதும் அவசியம். வினை முடியாமல் எடுத்த அளவு தாழ்வாகத்தான் வரும்.

கருவியின் நேர்கோட்டு எல்லையைத் தாண்டிய மாதிரியை உப்புநீரில் சமபங்காகக் கலந்து மறுபடி அளந்து, விடையை 2ஆல் பெருக்க வேண்டும். எல்லையைத் தாண்டிய எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதக் கூடாது.

கன்ட்ரோல்

நோயாளிகளின் மாதிரிகளை ஓட்டுமுன் இரண்டு கன்ட்ரோல்களை ஓட்ட வேண்டும். ஒன்று சாதாரண அளவில், மற்றொன்று உயர்ந்த அளவில். விடைகளை நாள்தோறும் வரைபடத்தில் புள்ளியாக வைக்க வேண்டும். லெவியும் ஜென்னிங்ஸும் 1950இல் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த வரைபடம் இது; அதைப் படிக்கும் விதிகளை 1981இல் வெஸ்ட்கார்டும் அவர் குழுவினரும் வகுத்தார்கள்.

சராசரி 5.6, திட்ட விலக்கம் 0.12 உள்ள கன்ட்ரோலை எடுத்துக்கொண்டால், 5.36 முதல் 5.84 வரை நிம்மதி. 5.9 வந்தால் எச்சரிக்கை. மற்ற கன்ட்ரோலையும் நேற்றைய புள்ளியையும் பார்க்க வேண்டும். 5.24க்குக் கீழோ 5.96க்கு மேலோ போனால் நிறுத்த வேண்டும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் இரண்டு விலக்கத்தைத் தாண்டினாலும் நிறுத்த வேண்டும். பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எதுவும் எல்லையைத் தாண்டாவிட்டாலும், ரியேஜென்ட் பழசாகிறது அல்லது தரக்கரைசல் ஆவியாகிச் செறிந்துவிட்டது என்று பொருள். மூடியைச் சரியாக மூடாத தரக்கரைசல் புட்டி நாளுக்கு நாள் செறிந்து, எல்லா நோயாளியின் அளவையும் மெல்ல இறக்கும். ஒரு நாளில் பார்த்தால் தெரியாத இந்தப் பிழையை வரைபடம்தான் காட்டிக்கொடுக்கிறது.

கன்ட்ரோல் தவறினால் எல்லைக்குள் விழும் வரை திரும்பத் திரும்ப ஓட்டும் பழக்கம் கூடாது. காரணத்தைத் தேட வேண்டும், திருத்த வேண்டும், எழுதி வைக்க வேண்டும், பிறகே ஓட்ட வேண்டும். பொடியாக வரும் கன்ட்ரோலைக் கரைக்கும்போது அளவுப் பிப்பெட்டால் டீஅயனைஸ்டு நீர் விட்டு, மெதுவாகச் சுழற்றி, சொன்ன நேரம் நிறுத்திவைக்க வேண்டும். நுரை வரக் குலுக்கினால் புரதம் கெடும். வெளித்தர மதிப்பீட்டுத் திட்டம் ஒன்றிலும் ஆய்வுக்கூடம் சேர்ந்திருக்க வேண்டும். மலேசியாவில் ஐஎஸ்ஓ 15189 தரத்தின்படி ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் தருவது மலேசியத் தர நிர்ணயத் துறை. 2007ஆம் ஆண்டின் நோயியல் ஆய்வுக்கூடச் சட்டமும் தரத்தையே மையமாக வைத்து இயற்றப்பட்டது.

விரல்நுனிக் கருவி

வீட்டிலும் கிளினிக்கிலும் விரல் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர், 1962இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனையின் வழி வந்தது. சிகிச்சையைக் கண்காணிக்க அது போதும். நோயைக் கண்டறிய ஆய்வுக்கூடப் பிளாஸ்மா அளவே வேண்டும். ஐஎஸ்ஓ 15197 என்ற 2013ஆம் ஆண்டுத் தரத்தின்படி, 5.55க்கு மேல் நூற்றில் 95 விடைகள் ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் கருவி தேறிவிடும். அதாவது உண்மையில் 8.0 இருப்பவருக்கு 6.8 காட்டினாலும் அந்தக் கருவி தரத்துக்கு உட்பட்டதே. வீட்டுக் கருவியில் 7.4, ஆஸ்பத்திரியில் 6.9 என்று கவலையோடு வருபவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ராபெரி பறித்த கையோடு, பழம் உரித்த கையோடு விரல் குத்தினால் தோலில் ஒட்டிய சர்க்கரை துளியில் கலந்து அளவை எகிறச் செய்யும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது முழுதாகப் போகாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். கழுவிய கையை நன்றாக உலர்த்தவும் வேண்டும். காலைக் குளிரில் விறைத்த விரலில் ரத்தம் எளிதில் வராது. பிழிந்தெடுத்தால் திசுநீர் கலந்து அளவு தவறும். வெதுவெதுப்பான நீரில் கையைச் சற்று நேரம் வைத்துவிட்டுக் குத்தினால் துளி தானாகத் திரளும். ரத்தசோகை உள்ளவர்களுக்குக் குளுக்கோமீட்டர் கூடுதலாகக் காட்டும். சிவப்பணு மிகுந்தவர்களுக்குக் குறைவாகக் காட்டும்.

உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஆக்சிடேஸ் பட்டைகள் கூடுதலாகக் காட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் ரிங்லெட்டின் உயரம் அதற்குப் போதாது. இங்கே பட்டைகளைக் கெடுப்பது ஈரம். புட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு நோயாளியோடு பேசிக்கொண்டிருப்பது பட்டைகளை வீணாக்கும்.

குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை

75 கிராம் நீரற்ற குளுக்கோஸை 250 முதல் 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கக் கொடுக்க வேண்டும். கையிலிருப்பது மோனோஹைட்ரேட் என்றால் 82.5 கிராம். இரண்டு மணி நேரம் கழித்து 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு, 7.8 முதல் 11.0 வரை தாங்குதிறன் குறைவு. கர்ப்பிணிகளுக்கு எல்லை வேறு: வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8, இவற்றில் ஒன்றை எட்டினாலும் கர்ப்பகால நீரிழிவு.

இந்தச் சோதனையில் அடிக்கடி நேரும் தவறு, முதல் குழாயை இரண்டாவது குழாய்க்காகக் காத்திருக்க வைத்து இரண்டையும் ஒன்றாகச் சுற்றுவது. வெறும் வயிற்றில் 5.3 இருந்த கர்ப்பிணியின் முதல் குழாய் இரண்டு மணி நேரம் தாங்கியில் நின்றால் அளவு 4.7 ஆகிவிடும். இரண்டாம் அளவும் எல்லைக்குள் வந்தால் அவருக்கு நோய் இல்லை என்றே அறிக்கை போகும். முதல் குழாயை எடுத்த உடனே சுற்ற வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போய் வரக் கூடாது; உட்கார்ந்தே இருக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனையை நிறுத்தி வேறு நாள் குறிக்க வேண்டும்.

தொலைவு பெரிய தடையாக உள்ள தோட்டங்களுக்கு ஹெச்பிஏ1சி சோதனை உதவும். அது உண்ணாமல் வரச் சொல்வதில்லை, ஊதா மூடிக் குழாயில் குளிர்பெட்டியில் பல நாள் கெடாது. மலேசியாவில் நீரிழிவுக்கான எல்லை 6.3 விழுக்காடு, பல நாடுகளில் உள்ள 6.5 அன்று. ஆனால் தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ, ரத்தசோகை ஆகியவை இந்த அளவைத் திரிக்கும். கேமரன் மலையில் வாழும் செமாய் மக்கள் உள்ளிட்ட ஓராங் அஸ்லியிடையே ஹீமோகுளோபின் ஈ பரவலாக இருப்பதால், அவர்களுக்கு இந்த எண்ணைத் தனியே நம்பாமல் பிளாஸ்மா குளுக்கோஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அறிக்கை

எண்ணோடு அலகு, மாதிரி வகை, உண்ணாத நேரம், எடுத்த நேரம், பிரித்த நேரம் எல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அங்கே எடுத்த சோதனைச் சீட்டைக் காட்டி, "அங்கே 126, இங்கே 7, எது சரி?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றே. இந்தியாவில் மில்லிகிராம்/டெசிலிட்டர், மலேசியாவில் மில்லிமோல்/லிட்டர். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வந்துவிடும். இரண்டு அலகையும் ஒரே அறிக்கையில் கலந்து எழுதக் கூடாது.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முறை 7.0ஐத் தாண்டியதைக் கொண்டு நோயை உறுதிசெய்வதில்லை; வேறொரு நாளில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லையை ஒட்டிய விடையில் இந்தக் குறிப்பைச் சேர்த்தால், மருத்துவரும் நோயாளியும் அடுத்த தேதியை அப்போதே குறித்துக்கொள்வார்கள்.

ஆபத்தான அளவுகளுக்கு ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் மருத்துவர்களோடு பேசி மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்து, சுவரில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். அந்த எல்லையைத் தொட்ட விடையை அச்சிட்டு அனுப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது. தொலைபேசியில் சொல்லி, கேட்டவர் அதைத் திரும்பச் சொல்லச் செய்து, அவர் பெயரையும் நேரத்தையும் பதிய வேண்டும். மிகத் தாழ்ந்த அளவு வந்தால், நீண்ட நேரம் பிரிக்காமல் கிடந்த குழாயா என்று படிவத்தைப் பார்ப்பது சரியே. ஆனால் அந்தச் சந்தேகம் தீரும் வரை தகவலைத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளி ஏற்கனவே தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பியிருந்தால், கைப்பேசி அலை கிடைக்காத சரிவுகளும் உண்டு என்பதால், தோட்ட கிளினிக் எண்ணையும் தோட்ட அலுவலக எண்ணையும் ரத்தம் எடுக்கும்போதே படிவத்தில் வாங்கி வைக்க வேண்டும்.